பைக் செயினில் மாட்டிய விரல்கள்: வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

என் தம்பி வலது கையில் மூன்று விரல்களை இழந்தது தொழிற்சாலையில்தான், அதை விசாரித்துப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக் கொடுத்த மனுவை ஒரு துறை அலுவலகம் இரண்டே வரியில் முடித்து அனுப்பிவிட்டது. “மருத்துவமனைப் பதிவேட்டின்படி இது வீட்டில் நடந்த விபத்து. மனுதாரர் உரிய நீதிமன்றத்தை அணுகி நிவாரணம் பெறலாம்.” தொழிற்சாலைக்கு யாரும் போகவில்லை. தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனோடு அதே வரிசையில் நின்று வேலை செய்தவர்களையும் கேட்கவில்லை. விபத்து நடந்த அன்று யாரோ சொல்லி, யாரோ எழுதிய ஒரு வரி போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அந்தப் பதிலை வாங்கி மடித்து வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் பேரணாம்பட்டு வட்டத்தில் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். லோன் பேப்பர் நிரப்பத் தெரிந்தவள் என்பதால், அடிபட்டவர்களின் வீட்டிலிருந்தும் மஞ்சப்பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ரோட்டில் லாரி இடித்தவர், ஷூ கம்பெனி மெஷினில் கை போனவர், தோல் பதனிடும் டேனரி தொட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவர் என்று பலரும் வருகிறார்கள். காயம் வேறு வேறாக இருந்தாலும் பைக்குள் இருக்கும் குறை ஒன்றுதான். முதல் காகிதம் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அல்லது முதல் காகிதமே இல்லை.

தம்பிக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன், அதற்கு நான் நேரடி சாட்சி.

அப்போது அவனுக்கு வயது 30. ஷூவுக்கு மேல்தோல் வெட்டும் ஒரு யூனிட்டில் கிளிக்கிங் மெஷின் ஓட்டினான். தோலை விரித்து, அதன் மேல் கத்தி அச்சை வைப்பார்கள். அங்கே அதை டை என்பார்கள். பிரஸ் இறங்கினால் தோல் அச்சுப்படி வெட்டுப்பட்டு வரும். அந்த பிரஸ் இறங்க இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே மெஷினை அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு கையையும் எடுத்தால் ஷிப்டுக்குச் சொன்ன டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கை டையை நகர்த்தும், மற்ற கை மிச்சமிருக்கும் பட்டனைத் தட்டும். அந்த வரிசையில் இருந்த எல்லா மெஷினும் அப்படித்தான் ஓடியது என்று அவனும் சொன்னான், கூட இருந்தவர்களும் சொன்னார்கள்.

2023-இல் ஒரு நாள் காலை, டையைத் திருப்பி வைத்த கை வெளியே வருவதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல்.

கையை வேஸ்ட் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். போன இடம் ஒரு தனியார் மருத்துவமனை. கூடப் போனவர் சூப்பர்வைசர். வாசலில் பெயர், வயது, எப்படி அடிபட்டது என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது இது: “வூட்டாண்ட பைக் செயின் தொடைச்சிக்கினு இருந்தாரு, கை மாட்டிக்கிச்சு.” தம்பி அப்போது அரை மயக்கத்தில் இருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறியது. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்கிற அந்தத் தாளை நான் கையில் வைத்திருக்கிறேன். வந்த நேரம் காலை 11.40. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் ‘தெரிந்தவர்’ என்று இருக்கிறது. காரணம் என்ற இடத்தில், வீட்டில் இருசக்கர வாகனச் செயினில் சிக்கியதாகச் சொல்லப்படுகிறது என்று இருக்கிறது.

ஆட்சியர் அவர்களே, அன்று காலை எட்டேகால் மணிக்கு அவன் தொழிற்சாலை வாசலில் விரல் ரேகை வைத்து உள்ளே போயிருக்கிறான். எட்டேகாலுக்கு உள்ளே போனவன் பதினொன்றே முக்காலுக்குள் வீட்டுக்கு வந்து பைக் துடைத்தானா என்பதைத் தெரிந்துகொள்ள ரேகை மெஷினின் பதிவை எடுத்துப் பார்த்தால் போதும். அவன் ரேகை வைத்த ஆள்காட்டி விரல் இன்று அவனிடம் இல்லை. ரேகையின் பதிவு தொழிற்சாலையில் இருக்கிறது. அதைக் கொண்டு வா என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, அரசாங்கத்துக்கு இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள் என்றுதான் மனு கொடுத்தோம்.

சட்டத்தில் எதுவும் குறைவில்லை. காயம்பட்ட தொழிலாளி 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனாலே நிர்வாகம் ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-வது பிரிவு சொன்னது. ஆபத்தான மெஷின் பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னது. விபத்து வீட்டில் நடந்தது என்று ஆகிவிட்டால் இந்த இரண்டு பிரிவுக்கும் வேலை இல்லாமல் போய்விடுகிறது. தகவல் போகாது, ஆய்வாளர் வர மாட்டார், டேப் சுற்றிய பட்டனை யாரும் பார்க்க மாட்டார்கள். பொய்யை எழுதியதால் தம்பியின் பணம் மட்டும் போகவில்லை. மறுநாள் அதே மெஷினில் வேறு ஒரு பையன் உட்கார்ந்தான்.

பணத்தையும் சொல்கிறேன். கேட்பது பிச்சை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அவன் சம்பளம் மாதம் 14,000. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐக்கு அப்போது சம்பள உச்சவரம்பு 21,000 என்பதால் அவன் அதற்குள் வர வேண்டியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் வேலை விபத்து என்றால் இஎஸ்ஐ பார்க்க வேண்டும். காயம் ஆறும் வரை கூலியில் 90 சதவீதம். ஆறிய பிறகு நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம், ஆயுள் உள்ளவரை. ஒரு கையில் மூன்று விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் மாதம் சுமார் 3,780 ரூபாய். இஎஸ்ஐ பொருந்தாது என்றால் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. சம்பளத்தில் 60 சதவீதம், 30 வயதுக்குரிய காரணி 207.98, அதில் 30 சதவீதம். 5,24,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. மெஷினில் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட அந்தச் சட்டத்தில் இல்லை. வேலையில் இருந்தபோது, வேலையின் காரணமாக அடிபட்டான் என்பது போதும்.

இரண்டில் ஒன்று கிடைத்திருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. இஎஸ்ஐ பக்கம் போனால், உன் பெயர் இந்தத் தொழிற்சாலைக் கணக்கில் இல்லை, காண்ட்ராக்டர் ஆள் என்றார்கள். இழப்பீட்டு ஆணையர் பக்கம் விசாரித்தால், இது இஎஸ்ஐ பொருந்தும் தொழிற்சாலை, இஎஸ்ஐ இருக்கும் இடத்தில் இங்கே மனு நிற்காது என்றார்கள். இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. காண்ட்ராக்டர் மூலம் வந்தாலும் தொழிற்சாலைக்குள் வேலை செய்தவன் தொழிலாளிதான், பெயரைப் பதியாமல் விட்டது முதலாளியின் குற்றம், தொழிலாளியின் உரிமை அதனால் போய்விடாது. ஆனால் அதைப் பேசத் தொடங்கும் முன்பே எல்லா மேசையிலும் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் கேட்கிறார்கள். படித்துவிட்டு, “வீட்டுல நடந்ததுன்னு போட்டிருக்கே” என்கிறார்கள்.

நிர்வாகம் கொடுத்தது 40,000 ரூபாய். ஆஸ்பத்திரி செலவுக்கான ரசீது என்று சொல்லி அம்மாவிடம் கைநாட்டு வாங்கிய தாளில், முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டதால் இனி எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று டைப் செய்திருந்தது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று அந்த 1923 சட்டத்தின் 17-வது பிரிவு நேராகவே சொன்னது. செல்லாத தாளைக் காட்டியே எத்தனையோ குடும்பங்களை வாயடைத்து வைத்திருக்கிறார்கள். தாள் செல்லாது என்று ஒரு அரசு அலுவலர் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குத் தைரியம் வரும். இதுவரை யாரும் சொன்னதில்லை.

1923 சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியதால் மருத்துவமனை வாசலில் சொல்லப்படும் கதை மாறப்போவதில்லை. அதை மாற்ற மாவட்ட நிர்வாகத்தால்தான் முடியும்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அன்று மந்திரி வந்தார், அதிகாரிகள் வந்தார்கள், வழக்கு வந்தது. பத்துப் பேர் ஒரே ராத்திரியில் செத்தால் மறைக்க முடியாது. வருஷம் முழுக்க ஒவ்வொன்றாகப் போகும் விரல்களை மறைக்க முடிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று இந்தப் பழைய வட ஆற்காடு முழுக்கத் தோலை நம்பித்தான் சோறு. எந்தத் தெருவிலும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். டம்ளரை இடது கையில் வாங்குகிற ஒருவராவது இருப்பார்.

இனி ரோட்டு விபத்து. எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர், 44 வயது. விடியற்காலையில் சரக்கு எடுக்கப் போனவர் பள்ளிகொண்டா பக்கம் தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றார். மினி லாரி ஒன்று இடித்துத் தள்ளியது. இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. 108 வந்தது, உயிரைக் காப்பாற்றினார்கள். முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்ததிலிருந்து எங்கள் மாதிரி குடும்பங்கள் அந்த முதல் நாளில் தாலியை அடகு வைக்க ஓடுவதில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன்.

மூன்றாம் நாளிலிருந்துதான் அவர்களுக்கு ஆள் இல்லாமல் போனது.

ஒரு காவல் நிலையத்தில் புகாரை வாங்கி, புகார் வந்ததற்கான ரசீதான சிஎஸ்ஆர் மட்டும் போட்டார்கள். எஃப்ஐஆர் போடவில்லை. லாரிக்காரர் உள்ளூர்க்காரர். “இன்னாத்துக்குமா கேஸு கோர்ட்டுன்னு அலையற? அவுங்க ஆஸ்பத்திரி செலவு பாத்துக்கறன்றாங்க, பேசி முடிச்சிக்கங்க” என்றார்கள். ஒரு தவணை பணம் வந்தது, பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வாரங்கள் கழிந்த பிறகுதான் எஃப்ஐஆர் ஆனது. இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு போட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்: இத்தனை வாரம் தாமதம் ஏன்? இந்த லாரிதான் இடித்தது என்பதற்கு என்ன ஆதாரம்? பிறகு வண்டியை ‘செட்’ பண்ணி, அதாவது இடிக்காத வண்டியை இடித்ததாகக் காட்டி, வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

அப்படி வண்டி செட் பண்ணும் வழக்குகள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அது திருட்டு. அதைச் செய்கிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும். ஆனால் போலி வழக்கும் உண்மையான வழக்கும் ஒன்று போலத் தெரியும்படி ஆனது எதனால்? உண்மையில் அடிபட்டவரின் எஃப்ஐஆரை நிலையத்தில் தாமதம் செய்வதால்தானே. 48 மணி நேரத்தில் காகிதம் போயிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

48 மணி நேரம் என்பது நானாகச் சொல்வதில்லை. 2022-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்வது. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும். அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளையும் வழக்கு நடக்கும் விதத்தையும் விளக்கும் படிவம் 2-ஐ பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாவற்றையும் சரிபார்த்துச் சேர்க்க வேண்டியது போலீஸ். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. விபத்தைக் கணினியில் பதிவதற்கான மென்பொருளை உருவாக்கியதே நம் சென்னை ஐஐடி.

இத்தனை பேர் காகிதம் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் படிவம் 2-ஐ ஒருவர் கையிலும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சட்டப்படி போலீஸ் சேர்த்துக் கொடுக்க வேண்டிய காகிதங்களைக் கால் முறிந்தவரின் மகள் நிலையம் நிலையமாகப் போய்க் கேட்டு வாங்குகிறாள். வண்டியைச் சோதித்த ஆய்வாளரின் எம்விஐ ரிப்போர்ட் ஒரு இடம், விபத்து நடந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச் ஒரு இடம், சார்ஜ் ஷீட் நகல் வேறொரு இடம். இதற்கிடையில் 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடுவும் வந்துவிட்டது. அந்தக் கெடு நியாயமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கால் முறிந்து கட்டிலில் கிடப்பவருக்கு ஆறு மாதம் எப்படிப் போகும் என்பது அடிபட்ட வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் வருகிறார். வார்டு வாசலில், எக்ஸ்ரே அறை வெளியே, சில நேரம் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்திலேயே நிற்கிறார். பழம் வாங்கி வருகிறார், அண்ணன் தம்பி போலப் பேசுகிறார், ஏ.ஆர். காப்பியை அவரே எடுத்துத் தருகிறார். நாங்கள் கேட்டால் இழுத்தடிக்கும் நகல் அவருக்கு எப்படி அன்றைக்கே கிடைக்கிறது என்று கேட்க வேண்டியது நீங்கள். வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று அந்த அக்காவிடம் பேசினார். இழப்பீட்டில் பங்கு வைத்துக் கட்டணம் வாங்குவது வக்கீல் தொழில் விதிகளுக்கு எதிரானது, ஒழுங்கீனம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நேர்மையான வக்கீல்கள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இலவச சட்ட உதவி மையமும் அங்கே இருக்கிறது. அவர்களிடம் போவதற்கு முன்பே குடும்பம் புரோக்கரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

அடுத்து வருமானம். “மாதம் எவ்வளவு சம்பாதிச்சே, ரசீது இருக்கா?” தள்ளுவண்டியில் கத்தரிக்காய் விற்கிறவரிடம் என்ன ரசீது இருக்கும்? 2008-இல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், ஆதாரம் இல்லை என்பதற்காகக் குறைக்கக் கூடாது என்று சொல்லி மாத வருமானம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றுக்கொண்டது. இருந்தும் ஒவ்வொருவரும் முதலிலிருந்து அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரியது ஊனத்தின் அளவு. மெடிக்கல் போர்டு எழுதும் ஒரு எண்ணை நம்பித்தான் மீதி எல்லாம். மாதம் 9,000 வருமானம், 44 வயது, இழப்பீட்டுக் கணக்கில் அந்த வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் 14 என்று வையுங்கள். ஊனம் 40 சதவீதம் என்றால் வருமான இழப்பு மட்டும் 6,04,800 ரூபாய். 20 என்றால் 3,02,400. உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்த அரசு குமாஸ்தா வேலையில் தொடரலாம், அதே கையை இழந்த தச்சருக்கோ டிரைவருக்கோ கிட்டத்தட்ட முழுப் பிழைப்பும் போய்விடும் என்று அந்தத் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது. இந்த அக்காவுக்கு முட்டி பாதிதான் மடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது சின்ன ஊனமாக இருக்கலாம். பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் தள்ள ஒரு காலை ஊன்றி மறு காலால் உந்த வேண்டும். அவரால் அது முடியாது. இப்போது வீட்டுத் திண்ணையில் நாலு கூறு தக்காளி வைத்து விற்கிறார். சான்றிதழில் கோணம் எத்தனை டிகிரி என்று இருக்கிறது. வண்டி தள்ள முடியாது என்று ஒரு வரி இல்லை. என்ன வேலை செய்கிறாய் என்று அவரை யாரும் கேட்கவே இல்லை.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல் காத்திருப்பவர்களின் கதை தனி. நீதிமன்ற அமீனா வந்து அரசுப் பேருந்தை ஜப்தி செய்த செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. பேருந்தை நிறுத்தினால்தான் ஒரு விதவைக்குப் பணம் கிடைக்கும் என்ற நிலைமை அரசுக்கு மரியாதை இல்லை. இந்த மடலில் அதை விட்டுவிடுகிறேன். அது தங்கள் மாவட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

தங்களால் முடிகிறவற்றை மட்டும் கேட்கிறேன். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் தாங்கள். காவல் கண்காணிப்பாளர், மருத்துவத் துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், தொழிலாளர் துறை ஆகிய அனைவரையும் ஒரே மேசைக்கு அழைக்கக் கூடியவரும் தாங்கள்தான்.

முதலாவதாக, என் தம்பியின் மனுவை மறுபடி எடுக்க உத்தரவிடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை அந்த யூனிட்டுக்கு அனுப்பி, விபத்து நடந்த நாளின் ரேகைப் பதிவையும் ஷிப்ட் ஏட்டையும் கைப்பற்றச் சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தைத் தொழிற்சாலைக்கு வெளியே, நிர்வாகத்தின் ஆள் இல்லாத இடத்தில் வாங்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் வேலை போகும் பயம் இருக்கிறது.

மாவட்டத்தில் உள்ள எல்லா மருத்துவமனைகளுக்கும், முக்கியமாகத் தனியார் மருத்துவமனைகளுக்கு, ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். விபத்துப் பதிவேட்டில் காரணத்தை எழுதும்போது காயம்பட்டவர் சொல்வதை எழுத வேண்டும். அவர் மயக்கத்தில் இருந்தால், நினைவு வந்ததும் மறுபடி கேட்டு, தேதியும் நேரமும் போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். அழைத்து வந்தவரின் பெயரும் போன் நம்பரும் அவர் வேலை செய்யும் இடமும் கட்டாயம் இருக்க வேண்டும். ‘தெரிந்தவர்’ என்று எழுதக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏ.ஆர். காப்பியைக் கேட்காமலே நோயாளி கையில் கொடுக்க வேண்டும். விரல், கை நசுங்கி வருகிற ஒவ்வொரு கேஸையும் மாதம் ஒருமுறை தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொழிற்சாலைகள் கொடுத்த விபத்துத் தகவலோடு அதை ஒப்பிட்டாலே எது மறைக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கிளிக்கிங் மெஷின் வைத்திருக்கும் யூனிட்டுகளில், சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் சேர்த்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஆய்வு நடத்துங்கள். பட்டனில் டேப் இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டியதில்லை.

காவல் நிலையங்களில் விபத்துப் புகாருக்கு சிஎஸ்ஆரோடு நிறுத்தக் கூடாது என்று கண்காணிப்பாளர் மூலம் அறிவுறுத்துங்கள். படிவம் 2-ஐ எளிய தமிழில் அச்சிட்டு நிலையத்திலும் விபத்துப் பிரிவிலும் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் செய்யுங்கள். எந்த நிலையத்தில் எத்தனை விபத்து, அதில் எத்தனைக்கு 48 மணி நேர அறிக்கையும் 90 நாள் அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போயின என்ற கணக்கைச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் வாங்கி, மாவட்ட இணையதளத்தில் போடுங்கள்.

அடுக்கம்பாறை, குடியாத்தம் அரசு மருத்துவமனைகளின் விபத்து வார்டில் இலவச சட்ட உதவி மேசை ஒன்று போட மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டுக்கொள்ளுங்கள். புரோக்கருக்கு முன்னால் அவர்கள் அங்கே இருக்க வேண்டும். ஊனச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவர்கள் காயம்பட்டவரின் தொழிலைக் கேட்டு, அந்த வேலையில் எதைச் செய்ய முடியாது என்று எழுத ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, முடியாவிட்டால் எந்தச் சட்டப்படி முடியாது என்று 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் விசாரணை என்றால் தம்பியையும், அந்த அக்காவையும், சாட்சி சொல்லத் தயாராக இருக்கும் தொழிலாளர்களையும் நானே அழைத்து வருகிறேன். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழுப் பொறுப்பாளர் ஒருவர்,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.